பாதி வட்டுத் தேயிலை

எனக்கு வாய் திறந்து பேசத் தெரியாத வயதிலேயே என் கல்யாணப் பேச்சை முடித்துவிட்டார்கள். தாய்மாமனுக்கு ஆண்பிள்ளை இருந்தால் அவர் தங்கை பெற்ற பெண் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். எங்கள் மலையில் இது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மழை ஏன் கீழே விழுகிறது என்று யார் கேட்கிறார்கள்? நான் கேட்டேன். கேட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் கேட்டேன்.

என் பெயர் பெய்யூன். மாமா மகன் பெயர் தெங்வே. அவர்கள் ஊர் லோங்தூ, ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊர் சாய்பான், இந்தப் பக்கம். நடுவில் கூரை போட்ட மரப்பாலம். எனக்குப் பால்பல் விழாத காலத்தில் மாமா அந்தப் பாலத்தைத் தாண்டி வந்து ஒரு தேயிலை வட்டை அம்மா கையில் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பழைய மரத்து இலை. அவரே ஆவியில் வேகவைத்து, துணிப்பையில் போட்டு முறுக்கி, கல்லுக்கு அடியில் வைத்து, கல்மேல் ஏறி நின்று மிதித்து, அடைபோல வட்டமாக அமுக்கியது. அம்மா அதை மூங்கில் மட்டையில் சுற்றி அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டாள். அன்றோடு நான் தெங்வேயின் பெண்டாட்டி. அவனுக்கு அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பெரியவன் ஆனதும் அவனுக்கு என்ன குறை என்று ஊரே என்னைக் கேட்டது. கை கால் நன்றாக இருக்கிறது. சாராயம் அளவோடுதான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்த வருஷம் மலையில் ஒளிந்து தப்பித்த சாமர்த்தியசாலி. எல்லாம் சரி. ஆனால் அவன் எருமையை முகத்தில் அடிப்பான். ஏர் திரும்பாவிட்டால் முதுகில் ஒன்று போடாதவர்கள் யாரும் இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில் கழியால் அடித்து, அது தலையை உதறுவதைப் பார்த்துச் சிரிக்கிறவனை நான் அவன் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். வரப்பில் நின்று அதைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

"எருமையை அடிச்சா உனக்கு எங்கடி வலிக்குது?" என்றாள் அம்மா.

"எருமை செத்துப்போனா அப்புறம் யாரை அடிப்பான்?"

அதற்கு அம்மா என்னை அடித்தாள். முதுகில்தான்.

எங்கள் வழக்கத்தைக் குறை சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெண் தப்பிக்க அதில் ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார்கள். பிடிக்காதவள் வந்த தேயிலையைத் தன் கையாலேயே திருப்பிக் கொண்டுபோய் வைக்கலாம். பையனின் அப்பா அம்மா இருவரும் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துத் தனியாகப் போக வேண்டும். கூடத்து மேசையில் தேயிலையை வைத்து, பணிவிடை செய்ய எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, வேறு நல்ல பெண்ணாகப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னதும் வெளியே வந்துவிட வேண்டும். வாசலைத் தாண்டிவிட்டால் பேச்சு முறிந்தது. தாண்டுவதற்குள் அந்த வீட்டார் யாராவது கையைப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பன்றி அறுத்துக் கல்யாணம். தப்பி வந்தவளை ஊர்ப் பெண்கள் வருஷக்கணக்காகப் புகழ்வார்கள். பிடிபட்டவளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அவள் அந்த வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு, பன்றிக்குத் தவிடு போட்டுக்கொண்டு இருப்பாள்.

இதில் ஒரு நிபந்தனை. தேயிலையைக் குடித்திருக்கக் கூடாது. குடித்தால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதனால்தான் நிச்சயத் தேயிலையை யாரும் கல்யாண நாள் வரை தொடுவதில்லை. எலி வந்து கடித்தால்கூட ஊர் கூடிப் பார்க்கும்.

இனி அந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் வீட்டுத் தேநீர் திடீரென்று ருசித்தது.

எங்கள் பக்கத்தில் தேயிலையைச் சும்மா கொதிக்கவைத்துக் குடிப்பது காய்ச்சல்காரர்கள்தான். இரும்புச் சட்டியில் தேயிலை விதை எண்ணெய் விட்டு, ஒரு பிடி அரிசியைச் சிவக்க வறுத்து, தேயிலையைப் போட்டுப் புரட்டி, இஞ்சியோடு சட்டியிலேயே இடித்து, தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். கிண்ணத்தில் பொரியும் வேர்க்கடலையும் போட்டு அதன்மேல் வடிகட்டி ஊற்றினால் பொரி சடசடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் முதல் வாய் குடித்துவிட வேண்டும். சூட்டுக்குப் பயந்து ஆறவைக்கிறவனுக்குக் கிடைப்பது கஞ்சி. முதல் கிண்ணத்தில் உப்புதான் தெரியும், இரண்டாவதில் இஞ்சி. சட்டியில் மறுபடி தண்ணீர் விட்டு மூன்றாவது கிண்ணம் வரும்போதுதான் தேயிலை வாய் திறக்கும். எங்கள் வீட்டுத் தேயிலைக்கு மூன்றாவது கிண்ணத்திலும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. முற்றிய இலை, போன வருஷத்துத் தூசி. அம்மா இஞ்சியை அள்ளிப்போட்டு அதன் மானத்தைக் காப்பாற்றுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் முதல் கிண்ணத்திலேயே தேயிலை தெரிந்தது. நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு, விழுங்கினால் காணோம். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையிலிருந்து இனிப்பு ஒன்று மெதுவாக மேலே வந்தது. நான் விறகு வெட்டிக்கொண்டு திரும்பும்வரை அது வாயில் இருந்தது. மூன்றாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன். "குடி, இன்னும் ஒண்ணு குடி" என்று அம்மாவும் ஊற்றினாள். உப்பு இரண்டு கல் கூடப் போட்டால் திட்டுகிறவள் இப்படி அள்ளி ஊற்றும்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"இது எங்க வாங்கினே?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"சந்தையில."

அப்பாவின் கேள்விகள் இரண்டாவது கிண்ணத்தோடு முடிந்துவிடும்.

வசந்தம் வந்ததும் மாமா நாள் குறித்துச் சொல்லி அனுப்பினார். இனித் தள்ளிப்போட முடியாது. அம்மா வெளியே போயிருந்தபோது ஏணி வைத்து ஏறி உத்தரத்திலிருந்து பொட்டலத்தை அவிழ்த்தேன். கையில் எடுத்ததுமே தெரிந்தது, கனம் இல்லை. மூங்கில் மட்டையைப் பிரித்துப் பார்த்தேன். கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு வட்டு முழுதாகத் தெரியும். மேல்பக்கம் பாதிக்கு மேல் காணோம். ஓரத்திலிருந்து குத்தூசியை விட்டு, ஏடு ஏடாக, அழகாக நெம்பி எடுத்திருந்தது.

குத்தூசி அம்மாவிடம்தான் உண்டு. அவள் திரும்பி வந்து செருப்புக்கு அடித்தோல் தைக்க உட்கார்ந்தபோது பாதி வட்டை அவள் மடியில் வைத்தேன்.

"இதுதான் நீ சந்தையில வாங்கினதா?"

அம்மா நிமிரவில்லை. "குடிச்சியா, இல்லையா?"

"நீதானே குடுத்தே."

"குடிச்சியா இல்லையா, அதைச் சொல்லு. நல்லா இருக்குன்னு சப்புக்கொட்டி மூணாவது கிண்ணம் கேட்டது யாரு? நானா? குடிச்ச வாயால இனி வேண்டாங்க முடியாது. சும்மா இரு."

"பெத்த பொண்ணை ஏமாத்தறதுக்கு உனக்கு மனசு வந்துச்சா?"

"வந்துச்சு." ஊசியை இழுத்து நூலை இறுக்கினாள். "எனக்கு ஒரே அண்ணன். எங்கப்பா அம்மா போனப்புறம் பொறந்த வீடுன்னு எனக்கு அந்த ஒரு வாசல்தான் இருக்கு. நீ பாட்டுக்குத் தேயிலையை வெச்சுட்டு ஓடிவந்தா நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட அங்க போவேன்? நீ என் வாசலை அடைப்பே, நான் பாத்துட்டு இருக்கணுமா?"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் தோற்றதாகிவிடும் என்று அடுப்பை ஊதுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன். கோபத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. அம்மா அடித்திருந்தால் பொறுத்திருப்பேன். குளிருக்கு இதமாக ஒவ்வொரு வாயும் ரசித்துக் குடித்தேனே, அந்த ரசனையையே எடுத்து என் கழுத்தில் கயிறாகப் போட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சூலியான் என் தோழி. அவள் முந்தின வருஷம்தான் தன் தேயிலையைத் திருப்பி வைத்துவிட்டுத் தப்பி வந்தவள். அந்தக் கதையைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அவள் ஓடிய தூரம் மாதாமாதம் நீண்டுகொண்டிருந்தது. பாதி வட்டைப் பார்த்ததும் அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கே? பழைய இலை கொஞ்சம் குடு. ஆவியில வெச்சு, பள்ளத்துல திணிச்சு, கல்லை வெச்சு அமுக்கிடலாம். மட்டையைச் சுத்திட்டா முழு வட்டு. அவங்க பிரிச்சுப் பாக்கறதுக்குள்ள நீ பாலத்துல நிப்பே."

"பிரிச்சுப் பாத்தப்புறம்?"

"அப்புறம் கத்துவாங்க. கத்தட்டும்."

நான் யோசித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது.

"வேண்டாம். அவ கள்ளத்தனமாக் குடுத்ததை நான் கள்ளத்தனமாத் திருப்பினா, குடிச்சது என்னமோ தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். குடிச்சேன். நல்லா இருந்துச்சு. இதுல எனக்கென்ன வெக்கம்? இப்படியே கொண்டுபோய் வெப்பேன்."

"பாதியையா?"

"பாதியைத்தான்."

சூலியான் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, போ. போய் உன் கல்யாணப் பன்னிக்கறியை நீயே சாப்பிட்டுட்டு வா."

இருந்தாலும் கூட வந்தாள். லோங்தூவில் மாமா வீட்டுக்கு மேலே மூங்கில் புதருக்குள் உட்கார்ந்து பார்த்தோம். தெங்வே எருமையை ஓட்டிக்கொண்டு வயலுக்கு இறங்கினான். மாமாவும் அத்தையும் வீட்டில்தான் இருந்தார்கள். சூலியான் பாலத்துக்கே போய்க் காத்திருப்பதாகச் சொன்னாள். "வெச்சவுடனே ஓடு. பேசாதே. உனக்கு வாய்தான் எமன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வட்டை முந்தானைத் துணிக்குள் செருகிக்கொண்டு மாமா வீட்டு மரப்படியில் ஏறினேன். மேலே அடுப்படியில் மாமா மீன்கூடைக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். அத்தை என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்தாள். அத்தைக்குக் கண் கூர்மை. என் முந்தானையை ஒருமுறை பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"வாடி மருமகளே. நாள் குறிச்சதும் மாமியார் வீட்டு நினைப்பு வந்துடுச்சா? உக்காரு, உக்காரு."

நான் மறுப்பதற்குள் கையில் கிண்ணம் வந்துவிட்டது. பொரி, கடலை, கொதிக்கக் கொதிக்கத் தேநீர், ஒற்றைக் குச்சி. அந்தக் குச்சியைக் கிண்ணத்தின் குறுக்கே வைக்கிறவரை வீட்டுக்காரி ஊற்றிக்கொண்டே இருப்பாள், விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது. மரியாதை என்ற பெயரில் ஒரு பெண்ணை உட்கார்த்தி வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. நான் குடிக்காமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி வேடிக்கை பாக்கறே? பொரி ஊறிப்போச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே அத்தை வெளித் தாழ்வாரத்துக்குப் போய் வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தெங்வே, பன்னி அவுத்துக்கிட்டு ஓடுது. சீக்கிரம் வா."

பன்றி என் காலுக்கு நேர் கீழே, வீட்டைத் தாங்கும் மரத்தூண்களுக்கு நடுவில் இருந்த பட்டியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பலகை இடுக்கு வழியாக அதன் முதுகுகூடத் தெரிந்தது.

இனி உட்கார்ந்திருந்தால் அறிவு கெட்டவள் நான். கிண்ணத்தைக் கீழே வைத்து எழுந்தேன். கூடத்துக்குப் போய் முன்னோர்கள் படத்துக்குக் கீழே இருந்த மேசையில் வட்டை வைத்தேன்.

"மாமா, அத்தை. உங்க ரெண்டு பேருக்கும் பணிவிடை செய்ய எனக்குக் கொடுத்துவெக்கல. வேற நல்ல பொண்ணாப் பாருங்க."

திரும்பி ஓட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் வாசலுக்கும் எனக்கும் நடுவில் அத்தை வந்துவிட்டாள். வந்தவள் என்னைப் பிடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் கை முதலில் வட்டுக்குத்தான் போனது. தூக்கிப் பார்த்தாள், முகம் மாறியது. மட்டையை உரித்துப்போட்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"பாதியைக் காணோமே. குடிச்சிருக்கா. குடிச்சா ஏத்துக்கிட்டதுன்னு அர்த்தம். ஏத்துக்கிட்ட தேயிலையைத் திருப்பி வெக்க வந்திருக்கா, இந்தத் துணிச்சலைப் பாருங்க."

அம்மா செய்தது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்று அழுதிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் குடித்த வாய் என்னுடையது.

"ஆமா அத்தை, குடிச்சேன். ஒரு குளிர்காலம் பூராக் குடிச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. தேயிலை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க மகனைப் பிடிக்கல. வாயில்லாத மாட்டை மூஞ்சியில அடிக்கறவனை, தேயிலை நல்லா இருந்துச்சுங்கறதுக்காகக் கட்டிக்க முடியாது."

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவளே, உன்னை..."

"எப்படி இருந்துச்சு?"

கேட்டது மாமா. அடுப்படியிலிருந்து எழுந்து வந்திருந்தார். கையில் மூங்கில் சீவுகிற கத்தி.

"என்ன கேக்கறீங்க நீங்க?" என்றாள் அத்தை.

"நீ இரு." மாமா என்னைத்தான் பார்த்தார். "புள்ள, எப்படி இருந்துச்சு?"

மாமா இந்த வட்டை அமுக்கியபோது ஊரே அவரைக் கேலி செய்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரே தங்கைக்குக் கொடுக்கிற தேயிலை என்று கல்லைவிட்டு இறங்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாராம். இவ்வளவு இறுக்கினால் உள்ளே காற்றே போகாது, வருஷம் போகப் போகப் பழுக்க வேண்டிய தேயிலை செத்துப்போகும், விறகுக்கட்டையைத்தான் கொதிக்கவைக்கணும் என்று சிரித்திருக்கிறார்கள். கொடுத்துவிட்ட தேயிலை, ருசி பார்க்கவும் முடியாது. இத்தனை வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் உத்தரத்தில் தொங்கிய அதை நினைத்துக்கொண்டு மனுஷன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. கேட்டார், சொன்னேன்.

"நாக்கு ஓரத்துல கசப்புத் தட்டும் மாமா. இஞ்சிக்கு முன்னாடி அதுதான் வரும். முழுங்கினாப் போயிடும். அப்புறம் தொண்டையிலேருந்து இனிப்பு வரும். அவசரப்படாது. மெதுவா வந்து ரொம்ப நேரம் இருக்கும்."

"புகை வாசம்?"

"இருக்கு. முன்னாடி வந்து நிக்காது."

"பூசணம் ஏதாவது?"

"ஒரு பொட்டுகூட இல்ல. நீங்களே பாருங்க, உள்ள எப்படி ஏடு ஏடாப் பிரிஞ்சு வந்திருக்குன்னு. செத்த தேயிலைன்னா தூளாத்தான் கொட்டியிருக்கும்."

மாமா அத்தை கையிலிருந்து வட்டை வாங்கினார். முகர்ந்தார். கத்தி முனையை ஓரத்தில் விட்டு, குழந்தைக்கு முள் எடுக்கிற மாதிரி மெதுவாக நெம்பினார். ஒரு ஏடு பிரிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சட்டியை ஏற்றி எண்ணெயை ஊற்றினார்.

அப்போதுதான் அத்தைக்கு என் ஞாபகம் வந்தது. எனக்கும் என் ஞாபகம் அப்போதுதான் வந்தது. உனக்கு வாய்தான் எமன் என்று சூலியான் சொன்னது சரி. தேயிலைப் பேச்சில் ஓட மறந்து நின்றிருக்கிறேன். அத்தை இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"புடிச்சாச்சு. தெங்வே, புடிச்சாச்சுடா. இவ இனி நம்ம வீட்டுப் பொண்ணு."

தெங்வே மூச்சு வாங்கப் படியேறி வந்தான். கையில் எருமையடிக்கிற கழி. "பன்னி எங்க?" என்றான்.

"அதை அறுக்கத்தான் போறோம்" என்றாள் அத்தை.

அவனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தான். எருமை தலையை உதறும்போது சிரிப்பானே, அதே சிரிப்பு. அந்த இடத்தில் எனக்குப் பயம் விட்டுப்போனது.

"சரி அத்தை, புடிச்சிட்டீங்க. இந்தக் கையை எவ்வளவு நேரம் புடிச்சிருப்பீங்க?"

"என்னடி?"

"சோறு ஆக்க விடணும்ல? ஆத்துல தண்ணி எடுக்க விடணும்ல? நாத்து நட விடணும்ல? எப்ப விட்டாலும் ஓடுவேன். புடிச்சுட்டு வாங்க, மறுபடி ஓடுவேன். உங்க வீட்டு வேலை எதுவும் நடக்காது. என்னைப் புடிக்கறதே உங்களுக்கு வேலையா இருக்கும்."

"ஒரு புள்ளையைப் பெத்தா எல்லாம் அடங்கும்."

"புள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு ஓடுவேன்."

அத்தை என்னை விட்டால் அறைந்திருப்பாள். அறைய வேண்டுமென்றால் ஒரு கையையாவது விட வேண்டும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "கேட்டீங்களா இவ பேச்சை? வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

மாமா அரிசி போடவில்லை, இஞ்சி போடவில்லை. எண்ணெயில் தேயிலையை மட்டும் புரட்டி, தண்ணீர் ஊற்றி, உப்பை விரல் நுனியில் எடுத்துப் போட்டார். வீடு முழுக்க அந்த வாசனை எழுந்தது. எனக்கு, அந்த நிலையிலும் சொல்கிறேன், வாய் ஊறியது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தபடி, தெங்வே வாசலை அடைத்தபடி, நான் நடுவில், மூன்று பேரும் ஒரு சட்டி கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவரைக் கலைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

முதல் கிண்ணத்தை ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதும் குடித்தார். மறுபடி தண்ணீர் விட்டு, கொதிக்கவிட்டு, மூன்றாவதை நின்று நிதானமாகக் குடித்து முடித்தார். குச்சியை எடுத்துக் கிண்ணத்தின் குறுக்கே வைத்தார்.

"செத்துப்போச்சுன்னாங்க" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். பிறகு அத்தை பக்கம் திரும்பினார்.

"கையை விடு."

"ஏன் விடணும்? புடிச்சாச்சே."

"நான் குடிச்சாச்சு."

"குடிச்சா?"

"திரும்பி வந்த தேயிலையைக் குடிச்சிட்டேன். குடிச்சா ஏத்துக்கிட்டதுன்னு நீதானே சொன்னே. நாம குடுத்தது நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு. அவ வீட்டுல இப்ப நம்ம தேயிலை ஒரு இணுக்கு இல்ல. எதை வெச்சுக் கல்யாணம் பண்ணுவே?"

அத்தையின் பிடி உடனே தளரவில்லை. மாமா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அப்புறம்தான் விட்டாள். மணிக்கட்டில் அவளுடைய விரல் அத்தனையும் பதிந்திருந்தது.

மாமா தேயிலை ஆசையில் முறையை மறந்துவிட்டார் என்று லோங்தூவில் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். குச்சியைக் குறுக்கே வைத்தபோது அவர் கண்ணை நான் பார்த்தேன். மறந்தவர் கண் அப்படி இருக்காது.

தெங்வே வாசலில் நின்றுகொண்டிருந்தான். "வழி விடு" என்றேன். அப்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். விலகினான். தேயிலை வைத்துவிட்டு வருகிற பெண்கள் ஓடித்தான் வருவார்கள். நான் ஒவ்வொரு படியாக இறங்கி நடந்து வந்தேன். "இனி எவன்டி உனக்குத் தேயிலை அமுக்கிக் குடுப்பான்?" என்று அத்தை தாழ்வாரத்திலிருந்து கத்தியது பாலம் வரைக்கும் கேட்டது. பாலத்தில் சூலியான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடத் தயாராக நின்றாள். நான் நடந்து வருவதைப் பார்த்துப் பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும், தன் கதையைவிட என் கதை பெரிதாகிவிட்டதே என்று அதற்கும் கொஞ்சம் அழுதாள்.

வீட்டில் அம்மா என்னை உள்ளே வரவிடவில்லை. படியிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணன் என்ன சொன்னான்?"

"தேயிலையைத் திருப்பி வாங்கிக்கிட்டார். அங்கேயே வறுத்துக் குடிச்சிட்டார்."

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். "என் வாசலை அடைச்சிட்டியேடி."

"உன் அண்ணன் வீட்டு வாசல் உனக்குத் திறந்துதான் இருக்கு. நீ போ, வா. அதுக்கு என்னைச் சாவியாக் குடுக்காதே."

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. நாற்று நடவு முடிகிறவரை பேசவில்லை. எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போய்க் காலில் விழவில்லை.

நடவு முடிந்து அடுத்த துளிர் வந்ததும் ஒரு கூடை பறித்தேன். வாட்டி, பிசைந்து, காயவைத்து, ஆவியில் வேகவைத்து, துணிப்பையில் போட்டு முறுக்கி, வீட்டு முன்னால் கல்லைப் புரட்டி வைத்து மேலே ஏறி நின்றேன். கல் ஆடியது, காலை ஊன்றிக்கொண்டு மிதித்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அம்மாவும் வாசலுக்கு வந்தாள். இவ்வளவு நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"யாருக்குடி இது?"

"எனக்கு" என்றேன், கல்லைவிட்டு இறங்காமல்.